தங்கள் குடும்பம் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது

கல்லூரி முடித்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்று சொல்வது சரியில்லை. ஓரிடத்தில் இருக்க அப்போது என்னால் முடியவில்லை. காலையில் அம்மா நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பியதும் வீட்டைப் பெருக்கிவிட்டு, வாசலுக்கும் தெருக்குழாய்க்குமாக நடந்துகொண்டிருப்பேன். வங்கித் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டைவிட்டிருந்தேன். அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. இந்த வருஷம் பர்மனென்ட் ஆகிவிடும் என்று நான் ஆறாவது படித்த காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பெண் பார்க்க இரண்டு இடங்களிலிருந்து வந்து போயிருந்தார்கள். மூன்றாவது இடம் வருவதற்குள் ஏதாவது ஒரு வேலையில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று இருந்தது. என்ன வேலை என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

வடலூர் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஆள் எடுக்கிறார்கள் என்று என்னோடு படித்தவள் ஒருத்தி சொன்னாள். இரண்டு அறைகள், நான்கு மேஜைகள், சுவரில் பனிமலைப் படம். மேனேஜர் சென்னைக்காரர். முப்பது வயதுதான் இருக்கும், அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். என் சான்றிதழ்களை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைக் கவரையும் பேனாவையும் கொடுத்து ஏதாவது ஒரு விலாசம் எழுதச் சொன்னார். எழுதியதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல அடிச்ச கவர யாரும் பிரிக்க மாட்டாங்க. கையால எழுதியிருந்தா சொந்தக்காரங்க லெட்டர்னு பிரிச்சிடுவாங்க. நாளைக்கே வந்துடுங்க" என்றார்.

கவருக்குள் வைக்கும் கடிதம் அச்சடித்து வந்திருந்தது. வழவழப்பான தாள், ஓரத்தில் தங்க நிறக் கோடு. வணக்கம் சொல்லி, தங்கள் குடும்பம் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்று தொடங்கும். பெரிய டிவி, தங்கக் காசு, இரண்டு இரவு மூன்று பகல் விடுமுறைச் சுற்றுலா ஆகிய மூன்றில் ஒரு பரிசு நிச்சயம் என்று சொல்லும். பரிசை வாங்க ஞாயிற்றுக்கிழமை வடலூரில் உள்ள ஒரு ஓட்டலின் ஏசி ஹாலுக்கு வர வேண்டும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்துதான் வர வேண்டும். அடையாள அட்டையும் பேங்க் கார்டும் எடுத்து வர வேண்டும். எதையும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

வந்த எல்லோருக்கும் மூன்றாவது பரிசுதான் விழுந்தது. அதுவும் ஒரு கூப்பன். அதைக் காட்டி ரூம் கேட்டால் வரியும் சாப்பாடும் தனி என்பார்கள், கேட்ட தேதியில் இடம் இருக்காது. ஒன்றரை மணி நேரம் என்பது நான்கு மணி நேரமாகும். அதற்குள் ஒரு விடுமுறை கிளப்பில் அவர்களை உறுப்பினராக்கிவிட வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு, வருஷம் ஒரு வாரம், இந்தியாவில் எந்த ஊரில் வேண்டுமானாலும் தங்கலாம். இதெல்லாம் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் போனேன். காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் பெயர்கள் ஒரு துணிக்கடையில் வைத்திருந்த பெட்டியிலிருந்து வந்தன. வாடிக்கையாளர்கள் எழுதிப் போட்ட சீட்டுகள். அவை ஒரு மாதத்தில் தீர்ந்துபோயின. மேனேஜர் என் மேஜைக்கு வந்து, நீங்க நெய்வேலிதானே என்று கேட்டார். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் எல்லாம் எப்படி இருக்கும், எந்த டைப் வீட்டில் எந்த மாதிரி ஆட்கள் இருப்பார்கள் என்று விசாரித்தார். நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என் பேச்சை ஒருவர் குறிப்பெடுப்பது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப்புக்குப் போனேன். பெரும்பாலான குவார்ட்டர்ஸ் கேட்டில் பெயர்ப் பலகை இருக்கும். பெயர், பதவி, எந்தச் சுரங்கம் அல்லது எந்த அனல்மின் நிலையம் என்பது வரை எழுதியிருப்பார்கள். மர நிழலில் சைக்கிளை நிறுத்தி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விலாசம் தேடும் பெண் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். மதியத்துக்குள் மூன்று பிளாக் முடித்தேன். கால் வலித்தது, திரும்பத் தோன்றவில்லை. அந்த மாதிரி நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சுற்றினேன்.

பெயர் மட்டும் போதாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்த வீடா, ரிட்டயர்மென்ட் எப்போது, வீட்டில் இரண்டு பேர் மட்டுமா என்று தெரிந்தால் நல்லது என்றார். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா மூன்று வீடுகளில் வேலை செய்தாள். அவளோடு போய் வரும் பெண்கள் பத்துப் பேர், இன்னும் இருபது முப்பது வீடுகளில் வேலை செய்தார்கள். சாயங்காலம் பாத்திரம் துலக்கியபடியே அம்மா எந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். யார் மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது, யாருக்கு இன்னும் இரண்டு வருஷத்தில் சர்வீஸ் முடிகிறது எல்லாம் அதில் வரும். சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. அவற்றை நோட்டில் பெயருக்கு எதிரே எழுதினேன்.

அம்மா வேலை செய்த வீடுகளில் ஒன்றையும் எழுதினேன். பதினோரு வருஷமாக அவள் போய்வந்த வீடு. அந்தக் கணவர் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவர், மனைவி வீட்டில் இருப்பவர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இரண்டு மகள்களையும் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு அங்கே போயிருக்கிறேன். அந்த அம்மாளை ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். அவருடைய பெரிய மகளின் பாடப்புத்தகங்கள் மூன்று வருஷம் எனக்கு வந்தன. அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இருந்திருந்தால் இதைச் சொல்வது சுலபம். அன்றைய பட்டியலில் இடம் மீதியிருந்தது, அவர்கள் பெயர் மேனேஜர் கேட்ட எல்லாவற்றுக்கும் பொருந்தியது, எழுதிவிட்டேன். கவரில் விலாசம் எழுதும்போது ஒரு கணம் பேனாவை நிறுத்தினேன். பிறகு பின்கோடையும் போட்டேன்.

நான்கு நாள் கழித்து ஆன்ட்டி ஆபீசுக்குப் போன் செய்தார். எடுத்தது நான். குரல் உடனே தெரிந்துவிட்டது. என் குரல் அவருக்குத் தெரியவில்லை, ஆபீசில் எங்களுக்கு வேறு பெயர் கொடுத்திருந்தார்கள். இது நிஜம்தானா என்று கேட்டார். நிஜம் என்றேன். நாங்கள் எதிலும் சேரவில்லையே, எப்படி எங்கள் பெயர் வந்தது என்று கேட்டார். கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்தது என்று, எழுதிக் கொடுத்திருந்ததைப் படித்தேன். எந்த மாதிரி புடவை கட்டிக்கொண்டு வர வேண்டும் என்றும் கேட்டார். அதற்கு எழுதி வைத்த பதில் இல்லை. உங்கள் இஷ்டம் என்றேன். கடைசியில், அவரும் வந்தே ஆகணுமா என்றார்.

"ஆமாங்க மேடம், ரெண்டு பேரும் வரணும்."

அவர் எங்கேயும் வர மாட்டார், எப்படியாவது கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பத்து மேஜைகள் போட்டிருந்தார்கள். பாட்டுச் சத்தம் அதிகம். பக்கத்து மேஜையில் பேசுவது கேட்கக் கூடாது என்பதற்காக அப்படி வைப்பார்கள். யாராவது கையெழுத்துப் போட்டால் மணி அடித்து எல்லோரும் கைதட்ட வேண்டும். வருபவர்களுக்கு ஆரஞ்சு ஜூஸ் கொடுப்பதும், பாரம் நிரப்ப உதவுவதும் என் வேலை. ஆன்ட்டியும் அவர் கணவரும் சரியான நேரத்துக்கு வந்தார்கள். அவர் அரக்குக் கலர் பட்டுப்புடவையில் இருந்தார். கணவர் தேய்த்த சட்டையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, யார் மேலோ கோபம் போல உட்கார்ந்திருந்தார்.

நான் ஜூஸ் தட்டோடு போய் நின்றேன். ஆன்ட்டி நிமிர்ந்து பார்த்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது. காட்டிக்கொள்ளவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு தேங்க்ஸ் என்றார். அவர் கணவருக்கு என்னைத் தெரியாது. அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் அவர் ஷிப்டில் இருப்பார், இல்லாவிட்டால் தூங்கிக்கொண்டிருப்பார்.

அவர்கள் மேஜையில் உட்கார்ந்த விற்பனைக்காரன் கெட்டிக்காரன். முதல் ஒரு மணி நேரம் கிளப்பைப் பற்றிப் பேசவே மாட்டான். வேலை எப்படி, மகள்கள் எங்கே, இத்தனை வருஷத்தில் எங்கெல்லாம் போயிருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பான். திருப்பதி, பழனி, மகள் பிரசவத்துக்கு ஓசூர், ஊரில் கல்யாணங்கள் என்று ஆன்ட்டி சொன்னார். சும்மா ஊர் பார்க்க என்று போனதுண்டா என்றான். இல்லை. உங்களுக்கு எங்கே போக ஆசை மேடம் என்றான். நான் பக்கத்து மேஜையில் பாரத்தை நிரப்புவதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

ஆன்ட்டி கணவரைப் பார்க்கவில்லை. மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"எந்த ஊர்னாலும் சரி. ரயில்ல ரெண்டு நாள் போகணும். ஜன்னல் பக்கம் உக்காந்து, எறங்காம, ரெண்டு நாள். வீட்ல சும்மாவே ஒக்கார முடியல எனக்கு. மோட்டார் போட்டு, மோட்டார நிறுத்தி, கேட்ட தெறந்து, கேட்ட சாத்தி. நாள் போயிடுது. எங்கயோ போகணும்னு காலெல்லாம் பரபரன்னு இருக்கு."

அதைக் கேட்டதும் என் காலும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அவர் கணவர் அதுவரை சுவரில் ஓடிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பி மனைவியைப் பார்த்தார். விற்பனைக்காரன் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

மூன்றாவது மணி நேரத்தில் ஆன்ட்டி பாத்ரூம் போக எழுந்தார். வழி காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனேன். கதவைச் சாத்தியதும் பாட்டுச் சத்தம் குறைந்தது.

"ஆன்ட்டி, கையெழுத்து போடாதீங்க" என்றேன்.

அவர் குழாயைத் திறந்து கையை நனைத்தார். டிவி யாருக்குமே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். உங்க அம்மாவுக்கு நீ இங்கே இருப்பது தெரியுமா என்றார். கம்ப்யூட்டர் ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன்.

"கவர்ல எழுத்து யாருது?"

"என்னோடதுதான்."

"அழகா இருந்துச்சு. பெரியவ எழுதியிருக்காளோன்னு நெனச்சுட்டேன்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சரி, அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன், நீ பயப்படாதே என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நாங்கள் திரும்பியபோது அவர் கணவர் முன்னால் ஒப்பந்தத் தாள்கள் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. பேனா அவர் கையில் இருந்தது. ஆன்ட்டி நின்றபடியே, வேணாங்க, வாங்க போலாம் என்றார். அவர் கேட்கவில்லை. ஆன்ட்டி இன்னொரு முறை சொன்னார். விற்பனைக்காரன் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன்.

"முப்பது வருஷமா எங்கயாவது போகணும்னு நீ எங்கிட்ட கேட்டதில்ல. யாரோ கேக்குறான், அவன்கிட்ட சொல்ற. இரு" என்றார் அவர்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவரைத் தடுக்க ஆன்ட்டிக்கு அப்போது வழி இருக்கவில்லை. ஒரே ஒரு முறை என் பக்கம் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். கணவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். கார்டைத் தேய்த்தார்கள். மணி அடித்தது. நானும் கைதட்டினேன்.

அந்த வாரம் முழுக்க அம்மா அந்த வீட்டுச் செய்தியாகவே கொண்டுவந்தாள். ஆன்ட்டியின் கணவரை அவள் சார் என்பாள். சார் பரணில் ஏறி இறக்கிய பெரிய சூட்கேஸை இவள் துடைத்து வெயிலில் வைத்தாளாம். சார் ஸ்வெட்டர் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாராம். இரண்டு பேரும் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். அப்படி அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை என்றாள். அந்த அம்மாதான் நடுநடுவே ஒரு மாதிரி ஆகிவிடுகிறார், ஏனென்று தெரியவில்லை என்றும் சொன்னாள்.

"பரிசு வுழுந்துச்சாம், லெட்டர் வந்துச்சாம். நம்ம வூட்டுக்கெல்லாம் அதுமாரி எங்க வருது" என்றாள்.

சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தெருவில் நின்றேன்.

ஐந்தாவது நாள் சார் ஆபீசுக்குப் போன் செய்தார். ரூம் பதிவு செய்ய வேண்டுமாம். முதல் ஆறு மாதம் பதிவு கிடையாது, அதன் பிறகு சீசனைப் பொறுத்தது என்று எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. பரவாயில்லை, ஆறு மாதம் கழித்தே வையுங்கள், ஆனால் ரயிலில் போகிற மாதிரி ஊராகப் பாருங்கம்மா என்றார்.

போனை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன், சபைப் பக்கம் போனேன், திரும்ப ஆபீசுக்கு வந்தேன், மறுபடி இறங்கினேன். கண்ணாடிக் கடைக்காரர் என்னம்மா தேடுற என்று கேட்டார். ஒன்றும் தேடவில்லை என்றேன். ஒப்பந்தங்களைப் பைலில் கோப்பவள் நான். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், பத்து நாளைக்குள் எழுத்து மூலம் ரத்து செய்தால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதை யாருக்கும் படித்துக் காட்டக் கூடாது என்பது ஆபீஸ் வழக்கம். அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் ஆபீசுக்குப் போகவில்லை. மாலை நான்கு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். முதல் ஷிப்ட் முடிந்து சார் வீட்டில் இருப்பார், அம்மா வேறு வீட்டில் இருப்பாள். ஆன்ட்டிதான் கதவைத் திறந்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, உள்ளே வா என்றார். சார் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யார் இது என்று கேட்டார். நம்ம வீட்டுக்கு வேலைக்கு வர்றாங்கள்ல, அவங்க பொண்ணு என்றார் ஆன்ட்டி.

"அந்த லெட்டர் எழுதினது நான்தான் சார். உங்க பேரை எடுத்துக் குடுத்ததும் நான்தான்" என்றேன். மீதியையும் நிறுத்தாமல் சொல்லிவிட்டேன். நிறுத்தியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஜெராக்ஸை டீப்பாய் மேல் வைத்தேன்.

அவர் அதை எடுக்கவில்லை. மனைவியிடம் கேட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே பாத்ரூம்ல சொல்லுச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அந்தப் புள்ளய அங்க வச்சு எப்படிச் சொல்றது. வீட்டுக்கு வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க பரண்ல ஏறி சூட்கேஸ எடுத்தீங்க. எனக்கு வாய் வரல."

எனக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. சார் எழுந்து உள்ளே போனார். சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடியும் பைலுமாகத் திரும்பி வந்தார். அந்த வரியை இரண்டு முறை படித்தார். தலைமை அலுவலக விலாசம் தெரியுமா என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாளில் பொருள், பார்வை எல்லாம் போட்டு, ஆபீசுக்கு எழுதுகிற மாதிரியே கடிதம் எழுதினார். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். நாளைக் காலை முதல் வேலையாகப் பதிவுத் தபாலில் போட்டுவிடுகிறேன் என்றார். என்னைத் திட்டவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது மட்டும் ஒன்று சொன்னார்.

"உங்க அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

அன்றைக்கே சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"நான் வந்து சொன்னதெல்லாம் எழுதிகினியா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு உலையை வைத்தாள். மறுநாள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. எந்த மூஞ்சிய வச்சிகினு அந்த வூட்டுப் படி ஏறுவேன் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி, இனிமேல் வர முடியாது என்று அவள் மூலமாகவே சொல்லி அனுப்பினாள். வேலைக்குப் போன மற்ற வீடுகளின் பேச்சை அதன் பிறகு அவள் எங்கள் வீட்டில் எடுக்கவே இல்லை. சாயங்காலங்களில் பாத்திரம் துலக்கும் சத்தம் மட்டும் இருக்கும். என்னிடம் அவள் சாதாரணமாகப் பேச இரண்டு மாதம் ஆயிற்று. அப்பாவுக்கு முழுதாகச் சொல்லவில்லை, வேலை போய்விட்டது என்று மட்டும் சொன்னோம்.

ஆபீஸ் பக்கம் நான் திரும்பப் போகவில்லை. கடைசி மாதச் சம்பளத்தைக் கேட்டும் போகவில்லை. சாருடைய கடிதத்துக்குப் பதில் வந்தது, பத்து நாள் கடந்துவிட்டது என்று. அவரிடம் தபால் ரசீது இருந்தது. கடலூரில் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் புகார் கொடுத்தார். விசாரணைத் தேதிக்கு முன்பே, நிர்வாகச் செலவு என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதற்குள் எட்டு மாதம் ஓடியிருந்தது. ஒரு நாள் வடலூர் போனபோது பார்த்தேன், மாடி பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியாகப் பனிமலைப் படம் மட்டும் தெரிந்தது.

பணம் திரும்பி வந்த கதையெல்லாம் எனக்குத் தெரிய வந்தது ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு வந்ததால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். சார் வண்டியைவிட்டு இறங்கவில்லை, தெருமுனையில் நிறுத்திக்கொண்டு நின்றார். அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மறுபடி வேலைக்கு வரச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, வேறு வீடு பிடித்துவிட்டேன் என்று முந்திக்கொண்டு சொன்னாள். அது பொய்.

ஆன்ட்டி அதற்காக வரவில்லை. பத்து நாள் வெளியூர் போகிறோம், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், விளக்குப் போட்டு அணைக்க வேண்டும் என்றார். மஞ்சள் கயிற்றில் கட்டிய சாவியை எடுத்து நீட்டினார்.

"வேற யார்கிட்ட குடுத்துட்டுப் போவேன்?" என்றார்.

அம்மா உடனே வாங்கவில்லை. என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆன்ட்டி டீ குடித்தார். என்னிடம் இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டார். குறிஞ்சிப்பாடியைத் தாண்டி ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன் என்றேன். எழுதுகிற வேலையா என்றார். பீஸ் ரசீது போடுவது என்றேன்.

அந்தப் பத்து நாளும் அம்மா காலையும் மாலையும் அந்த வீட்டுக்குப் போய்வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை, நானும் வரட்டுமா என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஆன்ட்டி அம்மாவுக்குப் போன் செய்து, செடி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பேசி முடித்ததும் அம்மா போனை என்னிடம் கொடுத்தாள். ரயில் ஓடும் சத்தம் கேட்டது. எந்த ஊர் ஆன்ட்டி என்றேன்.

"தெரியல. போர்டு வேற எழுத்துல இருக்கு. காலையிலேருந்து வெறும் நெலமாத்தான் வருது. பாத்துக்கிட்டே இருக்கேன். அவர் தூங்குறாரு" என்றார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் கால் பரபரவென்றுதான் இருக்கிறது, ஊருக்கு வந்தாலும் போகாது போலிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். பிறகு லைன் கட்டாகிவிட்டது.

அவர்கள் திரும்பி வந்ததும் அம்மா சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்படியே அன்றைக்குப் பாத்திரத்தையும் துலக்கிவிட்டு வந்தாள். சார் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகும்வரை அங்கேதான் வேலை செய்தாள்.

எனக்கு அது முடிந்துவிடவில்லை. பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் என்று நினைக்கிறேன், காலை கடலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மடியில் பிளாஸ்டிக் பைல். முன் சீட்டுக்காரரிடம் வடலூரில் ஒரு ஹாலில் நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரருக்கு மைன்ஸில் வேலை என்றும், அந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சே சரியில்லை என்றும் சொன்னார். யாராவது வக்கீலைப் பார்க்கலாம் என்று கடலூர் கிளம்பியிருக்கிறார்.

வக்கீல் இல்லாமலே நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். எங்கே போக வேண்டும், என்னென்ன தாள் வேண்டும் என்று அவர் கேட்டார். எல்லாம் சொன்னேன். பைலின் அட்டையிலேயே எழுதிக்கொண்டார். உங்க வூட்லயும் ஏமாந்துட்டாங்களாம்மா என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நீ நல்லா இருக்கணும் என்றார். எந்த பிளாக்கில் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். சொன்னார். குறிஞ்சிப்பாடியில் பஸ் நின்றதும் எழுந்துவிட்டேன். நான் இறங்க வேண்டிய இடம் இன்னும் இரண்டு ஸ்டாப் தள்ளி இருந்தது. மீதித் தூரத்தை வெயிலில் நடந்தேன். அந்த பிளாக்கில் எந்தெந்தத் தெருவில் சைக்கிளை நிறுத்தினேன் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாத் தெருவிலும் நிறுத்தியிருந்தேன்.